கனடாக் கோட்டும் மலைக் காற்றும்

எனக்கு உடுப்புப் போடத் தெரியாது.

இந்த உண்மை எனக்கு நாற்பத்தேழாவது வயதில், ஒரு பனிமலை முகட்டில், என் மேலதிகாரியின் கண் முன்னால் தெரியவந்தது. சேர்ட்டுப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் பூட்டுகிற வகைத் தெரியாமையைச் சொல்லவில்லை. (அதுவும் உண்டு. அதைத் திருத்த வீட்டில் ஆள் இருக்கிறது.) குளிருக்கும் காற்றுக்கும் எதை உள்ளே போடுவது, எதை வெளியே போடுவது, எதைத் தொடவே கூடாது என்பது பனிநாட்டுப் பிள்ளைகள் பாலர் வகுப்பிலேயே படித்து முடிக்கிற பாடம். அதில்தான் நான் கோட்டை விட்டேன்.

நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியற்காலையில் ஒரு துவாயைத் தலையில் போட்டுக்கொண்டால் குளிர்காலத்துக்கான ஏற்பாடு முடிந்தது. மெல்பேர்ணுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் குளிரோடு எனக்கு நேரடிப் பழக்கம் கிடையாது. வீட்டிலிருந்து கார், காரிலிருந்து கட்டடம். இடையில் இருக்கிற நாற்பது அடியை ஓடிக் கடந்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு மல்கிரேவில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. காற்றின் வேகத்தை அளக்கும் கருவிகளைப் பழுதுபார்க்கிற வேலை. எங்கே காற்று அதிகம் அடிக்குமோ அங்கேதான் அந்தக் கருவியை நட்டு வைப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே எனக்கு உறைத்தது.

அதற்கு முன் எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் வீட்டுக் கதவுப் பிணைச்சல்கள் அனைத்துக்கும் மூன்று தரம் எண்ணெய் விட்டேன். நான்காவது தரம் போத்தலை எடுத்தபோது மனைவி வதனி, "இனி எண்ணெய் விடுறதெண்டா எனக்குத்தான் விடவேணும். எனக்குத்தான் தலை கிறுகிறுக்குது" என்றாள். எனவே இந்த வேலை எனக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே தேவைப்பட்டது. முதல் மூன்று மாதம் பரீட்சைக் காலம். அதன் கடைசி வாரத்தில் மலைக்குப் போய் ஒரு கருவியைத் திருத்த வேண்டும். திரும்பி வந்து டெப் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மறுபடி பிணைச்சல்.

டெப் என் மேலதிகாரி. ஐம்பத்தைந்து வயதுப் பெண், கட்டையான உருவம், இருபது குளிர்காலம் மலையில் வேலை செய்த கைகள். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு அரை வார்த்தை போதும் என்று நினைப்பவர். நான் பட்டறையில் இருந்த அந்த மாதங்களில் அவர் பெரும்பாலும் வெளியூர் வேலையில் இருந்ததால், எங்களுக்குள் பேச்சு காலை வணக்கத்தைத் தாண்டியதில்லை.

மலைக்குப் போக இரண்டு கிழமை இருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. 'குளிர், காற்றுப் பாதுகாப்பு உடுப்பு வேண்டுமா? அளவு என்ன?' நான் எழுதினேன்: 'நன்றி, வேண்டாம். என்னிடம் இருக்கிறது.'

என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்குப் போகிறோம். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்கிறார்கள். "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்கிறோம். குடித்திருக்க மாட்டோம். அவர்களுக்கும் அது தெரியும். இரண்டாம் தரம் கேட்பார்கள், மூன்றாம் தரம் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். கேட்டவுடன் "ஓம்" என்பவனை நாங்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்போம். அதிலும் பரீட்சைக் காலத்தில் இருக்கிற மனிதன் முதல் தரத்திலேயே 'ஓம், எல் சைஸ்' என்று கைநீட்டலாமா? நான் மரியாதைக்கு மறுத்துவிட்டு இரண்டாவது தரத்துக்காகக் காத்திருந்தேன்.

படிவம் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஆகவே 'என்னிடம் இருக்கிறது' என்ற பொய்யை உண்மையாக்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஞாயிறு இரவு குடும்ப வீடியோ அழைப்பில் விஷயத்தை அவிழ்த்தேன்.

புலம்பெயர்ந்த எங்கள் குடும்பங்களில் குளிர் என்பது ஒரு சொத்து. யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவருக்குச் சபையில் மரியாதை அதிகம். டொரொன்டோவில் இருக்கும் வதனியின் அண்ணன் குலம் மச்சான் முதல் இடம். ஒஸ்லோவில் இருக்கும் என் அக்கா அதை ஒப்புக்கொள்வதில்லை. அவுஸ்திரேலியாவில் இருக்கிற எங்களுக்கு வாக்குரிமையே கிடையாது.

"மச்சான், உம்மட ஊரில மைனஸ் எத்தினை?" என்றார் குலம் மச்சான். அவருக்கு அப்போது காலை ஆறு மணி, கையில் கோப்பி.

"பூச்சியத்தைச் சுத்தித்தான் நிக்குமாம். காத்துத்தான் கொஞ்சம்..."

"பூச்சியமோ? அதை நாங்கள் குளிர் எண்டு சொல்லுறேல்லை. நாங்கள் பூச்சியத்தில கார் கழுவுறனாங்கள்."

"தம்பி, அவன்ர கதையைக் கேளாத" என்றாள் அக்கா. "குளிர் காலுக்குள்ளாலதான் ஏறுறது. ரெண்டு சோடி சொக்ஸ் போடு."

"காதாலதான் போறது" என்றாள் பின்னால் நின்ற வதனி. "காதைப் பொத்தினா ஒண்டும் செய்யாது."

"ஒண்டும் வேண்டாம்" என்று குலம் மச்சான் தீர்ப்பளித்தார். "என்ர கோட்டு உங்கட அலுமாரியிலதானே கிடக்கு? மைனஸ் முப்பதுக்குச் செய்தது. அதைப் போட்டா உமக்குப் பெனியனே தேவையில்லை."

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தைய வருடம் எங்களைப் பார்க்க வந்தபோது, ஜூலையில் இங்கே குளிர்காலம் என்று கேள்விப்பட்டு, அதைப் போட்டுக்கொண்டே விமானத்தில் வந்திறங்கினார். செம்மஞ்சள் நிறம். உள்ளே வாத்தின் மென்சிறகு. தொப்பியைச் சுற்றி ஏதோ மிருகத்தின் மயிர். திரும்பிப் போகும்போது அவருடைய பெட்டியில் இடியப்பத் தட்டுகள் இருந்தபடியால் கோட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் அலுமாரியில் பாதியைப் பிடித்துக்கொண்டு, நெடுநாள் விருந்தாளி மாதிரி நின்றது.

நான் சும்மா இருந்தவனில்லை. புத்தகம் படிக்கிறவன். குளிர் என்றால் என்ன, அது எப்படி உடம்பிலிருந்து சூட்டைக் களவெடுக்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். உண்மையில் அந்த இரண்டு கிழமையும் எனக்குப் பெரிய ஆனந்தம். குளிர் என்று ஒரு பொருளே கிடையாதாம். நம் சூடுதான் நம்மை விட்டுப் போகிறதாம். உடுப்பு எங்களைச் சூடாக்குவதில்லை. உடுப்புக்குள் அகப்பட்ட காற்றுத்தான் காக்கிறது. அந்தக் காற்றை வெளிக்காற்று அள்ளிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. அதாவது காற்றை வைத்துக் காற்றைத் தடுப்பது. என்ன ஒரு தந்திரம்! நம் சங்கப் பாட்டுகளில் வாடைக் காற்று விடாமல் வீசுகிறது, தலைவி விடாமல் வருந்துகிறாள். ஆனால் அவள் என்ன போட்டுக்கொண்டிருந்தாள் என்று ஒரு புலவருக்கும் விசாரிக்கத் தோன்றவில்லையே என்று வதனியிடம் வியந்தேன். "நீங்கள் விசாரிச்சு என்னத்தைக் கண்டியள்? குப்பை வாளியை வெளியில வையுங்கோ" என்றாள்.

மலைக்குப் போகிறவர்களுக்கான கடைக்கும் போனேன். அங்கே வேலை செய்த பெண் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையை என் கையில் தந்து, செம்மறியாட்டு மயிர் நனைந்தாலும் சூடு காக்கும் என்றாள். பருத்தி மட்டும் வேண்டாம், அது வியர்வையைக் குடித்துவிட்டு விடாது என்றாள். சட்டையை முகத்தில் வைத்துப் பார்த்தேன், மணந்து பார்த்தேன், அது மயிரிழைக்குள் எப்படி ஈரத்தை ஒளித்து வைக்கிறது என்று இருபது நிமிடம் கேள்வி கேட்டேன். பிறகு நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். வீட்டில் மைனஸ் முப்பது இருக்கும்போது எதற்கு? மேலும், பருத்தியைப் பற்றி ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எனக்குச் சொல்வதா? பருத்தி எங்கள் ஆள்.

படித்ததில் எனக்கு மிகவும் பிடித்துப் போன சொல் 'அடுக்கு'. ஒரு தடித்த உடுப்பைவிடப் பல மெல்லிய அடுக்குகள் மேல். இது எனக்கு உடனே விளங்கியது. புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் போடுகிற அதே தத்துவம். ஆக, ஆகஸ்ட் மாதத்து அந்தக் காலையில் நான் அணிந்திருந்தவை: பெனியன் மூன்று. சேர்ட்டு இரண்டு. சிறுநீரகத்தில் குளிர் பிடிக்கக் கூடாது என்று வதனி எல்லாவற்றுக்கும் அடியில் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்ட, நான் வீட்டில் இடுப்பில் உடுக்கிற கட்டம்போட்ட சாரம் ஒன்று. மேலே ஒரு சுவெட்டர். காலில் இரண்டு சோடி சொக்ஸ், சப்பாத்துக்குள் விரல்கள் ஒன்றையொன்று மிதிக்கும் அளவுக்கு. தலையில் கண் மட்டும் தெரிகிற குரங்குத் தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே கனடா.

பதினைந்து வயது மகள் அபி வாசலில் நின்று பார்த்தாள். "அப்பா, கேன் யூ ஈவன் பெண்ட்?" என்றாள். குனிந்து காட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

டெப்பின் வாகனத்தில் மலையடிவாரம் வரை நாலரை மணி நேரம். அவர் ஹீட்டரைப் போட்டிருந்தார். முதல் அரை மணியில் முதுகு நனைந்தது. கோட்டைக் கழற்றலாம் என்றால் ஆசனப் பட்டி போட்ட கதிரையில் அந்த உடம்போடு அசைய முடியவில்லை. ஹீட்டரைக் குறையுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் மலைக்குப் போகிற ஆள், புறப்பட்ட அரை மணியில் 'வெக்கையாக இருக்கிறது' என்றால் என்ன நினைப்பார்? வாயைத் திறந்தால் ஆவி வந்துவிடும் போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலரை மணி நேரம் அவிந்தேன்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டெப் பின்பக்கமிருந்து ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். (அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.)

"நல்ல கோட்டு. எந்த ஊர்?"

"கனடா" என்றேன், அந்த நாட்டின் தூதுவன் போல.

"இங்கே ஈரக் காற்று. என்னிடம் மேலதிகமாக ஒரு சோடி உடுப்பு இருக்கிறது. வேண்டுமா?"

"இல்லை, இல்லை, பரவாயில்லை" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் தரம் கேட்கட்டும், தலையாட்டிவிடலாம்.

"சரி" என்று பையை முதுகில் போட்டுக்கொண்டு அவர் நடக்கத் தொடங்கினார்.

முகட்டுக்கு ஏற நாற்பது நிமிடம். பனியுமல்லாத மழையுமல்லாத ஒன்று பக்கவாட்டில் அடித்தது. டொரொன்டோவின் பனி காய்ந்த பனியாம், தட்டினால் உதிர்ந்துவிடுமாம். எங்கள் விக்டோரியா மாநிலத்தின் பனி உதிராது, கோட்டுக்குள் குடியேறும். வாத்துச் சிறகு நனைந்தால் வாத்துக்குப் பிரச்சினை இல்லை, வாத்திடம் எண்ணெய் இருக்கிறது. என்னிடம் இருந்ததெல்லாம் வீட்டுப் பிணைச்சல்களில் இருந்தது. வெளியிலிருந்து மழை உள்ளே வந்தது. உள்ளிருந்து வியர்வை வெளியே போனது. இரண்டும் மூன்றாவது பெனியனில் சந்தித்துக்கொண்டன. ஏறும்வரை அது வெந்நீர். முகட்டில் போய் நின்ற கணத்தில் காற்று என்னைக் கண்டுபிடித்தது, வெந்நீர் ஐஸ் தண்ணீர் ஆனது. சூடு நம்மை விட்டுப் போகும் என்று படித்திருந்தேன். இவ்வளவு அவசரமாகப் போகும் என்று எவரும் எழுதியிருக்கவில்லை.

காற்று அடங்கிவிடும் என்று காலை வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. அந்த முகட்டின் காற்றை அளந்து சொல்கிற கருவியைத்தான் நாங்கள் திருத்தப் போயிருந்தோம் என்பதை யோசித்திருக்க வேண்டும்.

மூன்று ஆள் உயரக் கம்பம். அதன் உச்சியில் கருவி, உறைந்துபோய்ச் சுற்றாமல் நின்றது. கீழே ஓர் இரும்புப் பெட்டி. அதன் மறைவில் பதுங்கியபடி டெப் கத்தினார்: "காற்று கொஞ்சம் தணிந்ததும் நீ ஏறு. இப்போதே வாரைக் கட்டிக்கொள்!"

உயரத்தில் ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் தோளிலும் மாட்டும் பாதுகாப்பு வார். அது என் கோட்டைச் சுற்றிவரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தேன்; கோட்டு இழுக்கவில்லை. டெப் முழங்காலை என் முதுகில் வைத்து இழுத்துப் பார்த்தார். நாலு விரல் இடைவெளி.

"கழற்று."

கழற்றினேன். இரண்டு கையும் வாருக்குத் தேவைப்பட்டதால், கோட்டைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டேன். நனைந்த கோட்டு பறக்காது என்று பௌதிகம் சொல்லும். குலம் மச்சானின் கோட்டு பௌதிகம் படித்ததில்லை. இரண்டு கையையும் விரித்து, தொப்பியை நிமிர்த்தி, முகட்டின் விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு குதித்தது.

வேலையும் அதோடுதான் போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

நாங்கள் எட்டிப் பார்த்தபோது சரிவில் செம்மஞ்சளாக உருண்டுகொண்டிருந்தது. அந்தச் சரிவின் அடியில் ஆட்கள் சறுக்கி விளையாடுகிற இடம். ஐந்து நிமிடம் ஆகவில்லை, டெப்பின் ரேடியோ கரகரத்தது. மலை மீட்புக் குழு.

"முகட்டிலிருந்து ஓர் ஆள் விழுந்ததைப் பார்த்ததாக நாலு பேர் சொல்கிறார்கள். செம்மஞ்சள் ஜக்கெட். குப்புறக் கிடக்கிறார். அசைவு இல்லை. எங்கள் ஆட்கள் கிட்டப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்களா?"

டெப் என்னைப் பார்த்தார். சுவெட்டரும் குரங்குத் தொப்பியுமாக, வார் ஒரு தொடையில் மட்டும் மாட்டியிருக்க, நான் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

"என்னுடைய ஆள் இங்கேதான் நிற்கிறார்" என்றார் ரேடியோவில். "அந்த ஜக்கெட்டுக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்."

ரேடியோவில் கரகரப்பு. காற்று. பிறகு ரேடியோ மிக மரியாதையான குரலில் சொன்னது: "இல்லை."

டெப் முதுகுப் பையைத் திறந்து, "கழற்று, எல்லாவற்றையும்" என்றார். இந்தத் தரம் வேண்டுமா என்று கேட்கவில்லை. இரும்புப் பெட்டிக்குப் பின்னால் நான் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, அவர் மறுபக்கம் பார்த்தபடி கையை மட்டும் நீட்டி வாங்கினார். சுவெட்டர். சேர்ட்டு. இன்னொரு சேர்ட்டு. பெனியன். பெனியன். மூன்றாவது பெனியனில் அவர் கை ஒரு கணம் தயங்கியது. சாரம் வந்தபோது அவர் திரும்பியே பார்த்துவிட்டார்.

"இது என்ன? மேசைத் துணியா?"

"சிறுநீரகத்துக்கு" என்றேன். பற்கள் அடித்துக்கொண்டதில் அது ஐந்து சொற்களாக வெளிவந்தது. அன்று நான் பேசிய கடைசி வாக்கியம் அதுதான்.

உடம்புக்கு அவர் தந்தவை மூன்றே மூன்று. உடம்போடு ஒட்டிய ஊதா நிறக் கம்பளிச் சட்டை. அதன் மேல் மெத்தென்ற, லேசான ஒரு செயற்கை நூல் சட்டை. அதற்கு மேல் காற்றும் மழையும் நுழையாத மெல்லிய மேலங்கி. அக்குளுக்குக் கீழே வியர்வை போகத் திறந்து மூடுகிற சிப் வைத்தது. சொக்ஸில் ஒரு சோடியை உருவச் சொன்னார். இறுக்கினால் இரத்தம் ஓடாது, இரத்தம்தான் ஹீட்டர் என்றார். பையிலிருந்த கையுறைகளை மாட்டி, நூலால் மணிக்கட்டில் கட்டிவிட்டார், பாலர் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டுவது மாதிரி. "ஏறத் தொடங்கும்போது உனக்குக் கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் கூடப் போட்டிருக்கிறாய்" என்றார். இரண்டு கிழமை படித்ததெல்லாம் இரண்டு நிமிடத்தில், அதுவும் சரியான ஒழுங்கில், என் உடம்பில் ஏறியது. நடுக்கத்துக்கு நடுவிலும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சட்டையின் தையலைத் திருப்பிப் பார்த்தேன். "பிறகு பார்" என்றார் டெப்.

காற்றுத் தணிந்ததும் ஏறினேன். ஊதாச் சட்டை எனக்குத் தொப்புள் வரைக்கும்தான் இருந்தது. ஆனாலும் வார் பொருந்தியது, விரல்கள் வேலை செய்தன. பனிக்கட்டியைத் தட்டி, உறைந்த பாகத்தைக் கழற்றி, புதியதை மாட்டினேன். அரை மணி நேரம். கருவி சுற்றத் தொடங்கியது. வேலையில் குறை இல்லை. ஆனால் மேலே ஏறும்போது நனைந்த குரங்குத் தொப்பியைக் கழற்றியிருந்ததால் முகம் விறைத்துவிட்டது. இறங்கியபோது தாடை அசையவில்லை.

அடிவாரத்தில் மீட்புக் குழு எங்களுக்காகக் காத்திருந்தது. காயப்பட்டவர்களை இழுத்து வருகிற சறுக்குப் படுக்கையில், நெஞ்சுக்கு ஒரு பட்டி, காலுக்கு ஒரு பட்டி போட்டு, மல்லாக்காகக் கிடந்தது கோட்டு. டெப் ஒரு படம் எடுத்தார். திரும்புகிற வழியெல்லாம், நாலரை மணி நேரம், எனக்குப் பேச்சு வரவில்லை. தாடை இளகிய பிறகும் வரவில்லை. எண்ணெய்ப் போத்தலை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாள்; வீட்டில் இருக்கும்போது கடிதம் வந்தது. வேலை நிரந்தரம்.

வதனி இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள். குலம் மச்சானுக்கு விஷயத்தைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். டெப் எனக்கு அனுப்பிய படத்தை அபி என் கைபேசியில் கண்டு குடும்பத்துக்கு அனுப்பிவிட்டாள். இன்றைக்கும் டொரொன்டோவிலிருந்து யார் அழைத்தாலும் எங்களைச் சுகம் விசாரிப்பதில்லை. "கோட்டுக்கு இப்ப எப்படி? எழும்பி நடக்குதே?" என்றுதான் கேட்கிறார்கள். அக்கா மட்டும், விழுந்தது கனடாக் கோட்டு என்பதில் ஒரு தனி மகிழ்ச்சியோடு இருக்கிறாள்.

நானோ எனக்குள் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் ஏறிப் போய் வேலையை முடித்த என் மன உறுதியை டெப் கண்டுகொண்டார் என்று. அந்த வருடக் கடைசியில் அலுவலகத்தார் குடும்பங்களோடு பூங்காவில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டபோது, வதனியின் முன்னால் அதை அவர் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, "அன்று நடந்ததற்குப் பிறகும் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

டெப் சொசேஜைத் திருப்பிப் போட்டுவிட்டு, என்னையல்ல, வதனியைப் பார்த்துச் சொன்னார்: "போகும்போது நாலரை மணி நேரம், வரும்போது நாலரை மணி நேரம், ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு அமைதியான மனிதரோடு நான் வேலை செய்ததே இல்லை, உடனே எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை வந்து வாயைத் திறந்தார். அதற்குள் கடிதத்தை அனுப்பிவிட்டேன்."